முளைப்பயறும் வீட்டு நீரும்

பயறு முளைக்கவைத்தல் நமது இல்லங்களுக்குப் புதிய கலை அன்று. திருமண வீட்டிலே பாலிகை இடுவதும், கோயில் விழாவின் தொடக்கத்திலே நவதானியங்களைச் சிறு மண்சட்டிகளில் விதைத்து நீர் தெளித்து முளை காண்பதும் நம்மவரின் பழைய வழக்கங்கள். அங்கே முளை மங்கலத்தின் அறிகுறி. சமையலறையிலே அது உணவு. மண் வேண்டாம், உரம் வேண்டாம், வெயிலும் வேண்டாம். ஒரு கைப்பிடி பயறு, ஒரு பாத்திரம், ஒரு துணி, நீர் ஆகிய நான்கும் இருந்தால் இரண்டு நாளிலே கறிக்கு உதவும் முளை கிடைத்துவிடும். இந்நான்கினுள் பயற்றையும் பாத்திரத்தையும் துணியையும் நாம் பார்த்துத் தேர்ந்துகொள்கிறோம். நீரை மட்டும் குழாயிலோ கிணற்றிலோ பீலியிலோ வருகின்றபடியே ஏற்றுக்கொள்கிறோம். அந்த நீரின் தன்மை முளையை எவ்வாறு பாதிக்கின்றது என்பதே இன்றைய பேச்சின் பொருள். கண்டி நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம். ஏனெனில் ஆற்றுநீர், ஊற்றுநீர், கிணற்றுநீர் என்னும் மூவகை நீரும் அப்பகுதியில் அருகருகே பயன்பட்டு வருகின்றன.

முதலில் விதைக்குள்ளே நிகழ்வது யாது என்று பார்ப்போம். உலர்ந்த பயற்றின் நிறையிலே ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே நீர். அந்த வறட்சியிலே அதன் உயிர் உறங்கிக் கிடக்கிறது. ஊறவைத்ததும் அது ஏறத்தாழத் தன் நிறை அளவான நீரை உறிஞ்சிப் பருக்கிறது. உறங்கிய நொதியங்கள் விழித்து, சேமித்து வைத்திருந்த மாப்பொருளையும் புரதத்தையும் சிறு கூறுகளாக உடைத்து, வளரும் முளைக்கு ஊட்டுகின்றன. தோல் வெடித்து வேர்முளை வெளிப்படுகிறது. உலர்ந்த பயற்றில் இல்லை என்று சொல்லத்தக்க உயிர்ச்சத்து சி, முளையிலே புதிதாகத் தோன்றுகிறது. முதலாம் உலகப் போரின்போது மெசொப்பொத்தேமியாவில் இருந்த இந்தியப் படைவீரர் பலர், காய்கறியும் பழமும் கிடைக்காமையால் ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கேவி நோயால் வருந்தினர். அக்காலத்தில் லண்டன் லிஸ்ரர் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஹரியற் சிக் அம்மையாரும் அவர்தம் துணைவரும், பயறுவகைகள் முளைத்தபின் அந்நோயைத் தடுக்கும் ஆற்றல் பெறுவதை ஆராய்ந்து காட்டினர். இத்துணைப் பயனையும் ஒரு சிறு விதையிலிருந்து வெளிக்கொணர்வது நீரே.

ஆயினும் நீர் மட்டும் போதாது. விதைக்குக் காற்றும் வேண்டும், இளஞ்சூடும் வேண்டும். ஊறிய பயற்றை நீரிலேயே மூழ்கவிட்டால் அது மூச்சு முட்டிப் புளித்து அழுகும். ஆதலால் ஊறவைத்த நீரை முழுதும் வடித்து, ஈரம் மட்டும் நிற்குமாறு துணியிலோ துளையுள்ள பாத்திரத்திலோ வைக்க வேண்டும். கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருப்பது. அதன் சராசரி வெப்பம் 24 பாகை செல்சியஸ் அளவானது. பயறு முளைப்பதற்கு இது நல்ல சூடு. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலே அதே பயறு முளைக்க இன்னும் கூடிய நேரம் எடுக்கும். ஆகவே மலைநாட்டிலே முளை தாமதித்தால் உடனே நீரைக் குறைகூற வேண்டியதில்லை. குளிரே பெரும்பாலும் காரணமாகும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அடுப்படியின் சூடு எட்டும் இடத்தில் வைத்தால் அக்குறை தீரும்.

இனி நீரின் தரத்துக்கு வருவோம். "நல்ல நீர்" என்று நாம் சொல்லும்போது இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். இந்த நீர் விதைக்கு ஏற்றதா என்பது ஒரு கேள்வி. இந்த நீரில் வளர்ந்த முளை அதை உண்பவருக்கு ஏற்றதா என்பது மற்றொரு கேள்வி. இவ்விரண்டுக்கும் விடை ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணுவதிலேதான் இடர் பிறக்கின்றது.

முதற் கேள்வியில் மக்கள் பெரிதும் ஐயுறுவது குழாய்நீரிலுள்ள குளோரீனைப் பற்றியே. குழாயைத் திறந்ததும் மூக்கிலே படும் அந்த மணம் முளையைக் கருக்கிவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். இந்த அச்சம் வேண்டாதது. வீட்டுக் குழாயை வந்தடையும் நீரிலே எஞ்சிநிற்கும் குளோரீன் லீற்றர் ஒன்றுக்கு 1 மில்லிகிராம் அளவையும் பொதுவாகத் தாண்டுவதில்லை. குறைந்தது 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இதனோடு இன்னொரு செய்தியை ஒப்புநோக்குக. அமெரிக்காவிலே முளைகளை விற்பனைக்கு வளர்ப்போர், விதைமேலுள்ள கிருமிகளைக் கொல்லுவதற்கு லீற்றருக்கு 20,000 மில்லிகிராம் குளோரீன் கொண்ட கரைசலில் விதையைச் சிறிது நேரம் அமிழ்த்துமாறு 1999ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசினரால் அறிவுறுத்தப்பட்டனர். அத்துணைக் கடிய கரைசலில் அமிழ்ந்து கழுவப்பட்ட விதையும் பின்னர் முளைக்கின்றது. அவ்வாறாயின், குழாய்நீரின் சிறு துளிக் குளோரீன் அதனை என்ன செய்யும்? இச்செய்தியில் மற்றுமொரு பாடமும் உண்டு. அந்தக் கடிய கரைசல்கூட விதையின் தோல் வெடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் கிருமிகளை அடியோடு அழிப்பதில்லை. எனவே குழாய்நீரின் குளோரீன் முளையைக் கெடுக்காது; விதையைக் கிருமியற்றதாக்கவும் செய்யாது. நீரைக் காப்பதே அதன் வேலை. கடிய கரைசலை வீட்டிலே செய்து பார்த்தல் தீங்கு. அது நமக்கு உரிய முறை அன்று.

அடுத்தது சுண்ணாம்பு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுநீர் சுண்ணக்கல்லின் வழியே ஊறி வருவதால் கடினமானது. கண்டிப் பகுதியிலே மகாவலி ஆற்றுநீர் மென்மையானது. ஆயினும் திகனைப் பக்கத்தில் நிலத்தடியிலே பளிங்குக் கல்லும் டொலமைற்றும் உண்டு. அத்தகைய பாறையின் ஊடாக வரும் கிணற்றுநீர் கல்சியத்தையும் மகனீசியத்தையும் கரைத்துக்கொண்டு வரும். கேத்திலின் அடியிலே வெள்ளைப் படிவு தட்டுவதும், சவர்க்காரம் நுரைக்க மறுப்பதும் அதற்கு அடையாளங்கள். இந்தக் கடினம் முளைக்குப் பகை அன்று. கல்சியம் செடிக்கு வேண்டிய பொருளே. ஆனால் அத்தகைய நீரிலே பயற்றைப் பின்னர் அவிக்கும்போது அது மெத்தென வேகத் தாமதிக்கும் என்பதை இல்லத்தரசியர் அறிவர்.

விதைக்கு மெய்யாகவே பகையாவது உப்பு. உவர்நீரிலே இட்ட பயறு நீரை எளிதில் உறிஞ்ச இயலாது திணறும், முளை பிந்தும், வேர் குறுகும். இக்குறை கரையோர ஊர்களுக்கும் வறண்ட நிலப்பகுதிகளுக்கும் உரியதேயன்றிக் கண்டி மலைப்பகுதிக்குப் பெரும்பாலும் உரியதன்று. சில கிணறுகளில் இரும்புச்சத்து மிகுந்து நீர் செம்மஞ்சள் நிறம் கொள்வதுண்டு. அது துணியையும் முளையின் வெண்மையையும் கறைப்படுத்தும், முளைப்பதைத் தடுக்காது. ஆகவே முதற் கேள்விக்கு விடை எளிது. குடிப்பதற்கு உவர்ப்பில்லாத நீர் எதுவாயினும் பயறு அதில் முளைக்கும். விதை அவ்வளவு பொறுமையுடையது.

அந்தப் பொறுமையே நம்மை ஏமாற்றுகின்றது. நல்ல முளை கண்டதும் நல்ல நீர் என்று முடிவு செய்துவிடுகிறோம். இங்கேதான் இரண்டாம் கேள்வி எழுகின்றது.

கண்டியின் நீர் எவ்வழி வருகின்றது என்று சற்றே நோக்குவோம். நகரின் நடுவே விளங்கும் வாவி, கடைசி அரசனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டில் அமைத்தது. வாவியிலிருந்து வழியும் நீர் மெத எல என்னும் ஓடையாய்க் கடைத்தெருக்களையும் குடியிருப்புகளையும் ஒட்டிச் சென்று, கழிவுகளையும் ஏந்திக்கொண்டு, கெட்டம்பைக்கு அருகே மகாவலியிற் கலக்கின்றது. அந்த மகாவலியே மலைகளில் பிறந்து, கம்பளையையும் பேராதனையையும் கடந்து, தோட்டங்களின் மண்ணையும் ஊர்களின் அழுக்கையும் சுமந்துவரும் 335 கிலோமீற்றர் நீளமான பேராறு. கெட்டம்பையிலும் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்திலும் அதன் நீரை எடுத்துத் தூய்மை செய்து குழாய்வழி அனுப்புகின்றனர். நகருக்கு மேலேயுள்ள துனுமடலாவைக் காட்டின் நீர்த்தேக்கங்களும் நகரத்தாரின் நீர்வழங்கலுக்குத் துணைசெய்து வந்திருக்கின்றன. அந்த நீரேந்து நிலத்தைக் காப்பதற்காகவே அக்காடு பேணப்படுகின்றது.

ஆற்றுநீரைத் தூய்மை செய்யும் முறை மூன்று படிகளையுடையது. முதலில் படிகாரம் இட்டுக் கலங்கலைத் திரளச் செய்து அடியிலே படியவிடுவர். பின்னர் மணற்படுக்கையினூடே வடிப்பர். இறுதியாகக் குளோரீன் சேர்ப்பர். மழைக்காலத்திலே ஆறு செம்மண் நிறமாய்ப் பெருகும்போது இந்த வேலை கடினமாகும். கலங்கல் மிகுந்தால் குளோரீனின் பெரும்பகுதி அந்த மண்ணோடும் அழுக்கோடுமே செலவாகிவிடும். மேலே நாம் கண்டு அஞ்சிய குளோரீன் மணம் உண்மையிலே நமது காவற்காரனின் காலடியோசை எனலாம். அந்த மணம் அறவே இல்லாத குழாய்நீரே ஐயத்துக்குரியது.

இதற்கு மாறாக, குன்றின் பாறையிடுக்கிலிருந்து கசிந்து பீலிவழி விழும் நீரை எண்ணிப் பாருங்கள். கலஹாவிலும் தெல்தோட்டையிலும் பன்விலையிலும் தோட்டத்து மக்கள் பலருக்குப் பீலிநீரே குடிநீர். அது கண்ணாடி போலத் தெளிந்தது, குளிர்ந்தது, மணமற்றது, நாவுக்கு இனியது. குளோரீன் இல்லாத அந்த நீரே முளைக்கு உகந்தது என்று பலர் கருதுவதில் வியப்பில்லை. ஆனால் பீலிக்கு மேலே சரிவிலே என்ன இருக்கின்றது என்பதை யாவரும் ஏறிப் பார்ப்பதில்லை. அங்கே லயன்களின் மலசலகூடக் குழி இருக்கலாம், மாட்டுப்பட்டி இருக்கலாம். மழை பெய்யும்போது அவற்றின் கசிவு மண்ணுக்குள் இறங்கி ஊற்றோடு கலக்கும். ஆழமற்ற கிணறுகளின் நிலையும் இதுவே. தெளிவு வேறு, தூய்மை வேறு. நம் முன்னோர் கலங்கிய நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைப் பாத்திரத்தின் உட்புறத்தில் உரைத்தனர். கலங்கல் அடியிலே படிந்தது, நீர் தெளிந்தது. எனினும் கண்ணுக்குத் தெரியாத கிருமி முற்றாக நீங்கியதன்று. தெளிவித்த நீரையும் காய்ச்சியே குடித்தல் வேண்டும்.

2007ஆம் ஆண்டில் கம்பளைப் பகுதியிலே செங்கண்மாரி பரவியதை மலைநாட்டவர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வகைச் செங்கண்மாரியின் வைரசும், நெருப்புக்காய்ச்சலையும் வயிற்றோட்டத்தையும் விளைக்கும் பற்றீரியாக்களும் மலத்தால் மாசுற்ற நீரின் வழியே வருவன. இவற்றுள் வைரசு முளையிலே பெருகுவதில்லை. ஒட்டியிருந்து உண்பவரின் உடலை அடையும். பற்றீரியாவோ முளையிலே பெருகும். இதுவே முளைக்கும் பிற காய்கறிகளுக்கும் உள்ள பெரிய வேற்றுமை. அழுக்கு நீரில் கழுவிய ஒரு கீரைக்கட்டில் கிருமி இருந்தால் அது பெரும்பாலும் அந்த அளவிலேயே சமையலுக்குப் போகும். முளையிலோ ஈரமும் இளஞ்சூடும் விதையிலிருந்து கசியும் சத்தும் ஒருங்கே அமைந்துள்ளன. பயற்றுக்கு நாம் விரித்த பஞ்சணை கிருமிக்கும் பஞ்சணையாகின்றது.

சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். ஒரேயொரு பற்றீரியா மணிக்கு ஒரு முறை இரண்டாகப் பிரிகின்றது என்று கொள்வோம். ஒரு மணி கழிய 2, இரண்டு மணி கழிய 4, மூன்று மணி கழிய 8. இவ்வாறே போனால் 24 மணி நேரத்தின் முடிவில் 1 கோடியே 67 இலட்சத்துக்கும் அதிகம். சதுரங்கப் பலகையின் கட்டங்களில் நெல்மணியை இரட்டித்து வைக்கக் கேட்ட பழங்கதையின் கணக்கே இது. உண்மையான முளையிலே இக்கணக்கு இவ்வளவு நேராக ஓடாது. எனினும் முளை வளர்ந்து முடியும்போது ஒரு கிராமில் பல இலட்சக்கணக்கான பற்றீரியாக்கள் இருத்தல் இயல்பு என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். அவற்றிற் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் தொடக்கத்தில் நீரோடு வந்த ஒன்று தீயதாயின், பெருகுவதும் அதுவே.

இதனை வெறும் அச்சுறுத்தல் என்று தள்ளிவிட இயலாது. 1996ஆம் ஆண்டில் யப்பானின் சக்காய் நகரிலே பல்லாயிரம் பாடசாலைச் சிறுவர் நோயுற்றபோது, ஐயம் முள்ளங்கி முளையின்மேல் விழுந்தது. 2011ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே வெந்தய முளையினால் 3,800க்கு மேற்பட்டோர் நோயுற்று, 50க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அங்கே கிருமி வந்த வழி விதையென்றே ஆய்வாளர் கருதினர். ஆகவே தூய நீர் மட்டுமே முழுக் காவல் என்றும் சொல்லுவதற்கில்லை. விதையோடு வரும் கிருமியும் உண்டு. நீரோடு வரும் கிருமியும் உண்டு. இரண்டையும் வெல்லுவது நெருப்பு ஒன்றே.

வீட்டுக்குள்ளே நீர் கெடும் வகையையும் சொல்லவேண்டும். கண்டியின் வீடுகள் பல குன்றுச்சரிவிலே அமைந்தவை. மேட்டு வீடுகளிலே நீரின் அமுக்கம் குறைவதால் கூரைமேல் தாங்கி வைத்துச் சேமிக்கின்றனர். நல்ல குழாய்நீரும் மூடியற்ற தாங்கியிலே நாட்கணக்கில் நின்றால் அதன் குளோரீன் கழிந்துபோகும். சுவரிலே வழுவழுப்பான பாசி படரும். பறவையின் எச்சமும் இலையும் விழும். அத்தாங்கியைக் கழுவி எத்தனை காலமாயிற்று என்ற கேள்வியை ஒவ்வொரு வீட்டாரும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்வது நன்று.

இனிச் செய்முறை. உணவுக்கென விற்கும் பயற்றையே வாங்குக. விதைப்புக்கென விற்கும் விதையில் பூஞ்சணக்கொல்லி மருந்து பூசப்பட்டிருக்கலாம். உடைந்ததையும் சொத்தையையும் நீக்கிப் பலமுறை கழுவுக. நீரைத் தளதளவெனக் கொதிக்கவைத்து, ஒரு நிமிடமாவது அந்தக் கொதியிலே விட்டு, மூடியபடி ஆறவிடுக. கண்டியின் உயரத்திலே நீர் 100 பாகைக்குச் சற்றுக் குறைவாகவே கொதிக்கும். நுவரெலியாவிலே ஏறத்தாழ 94 பாகையில் கொதிக்கும். நோய்க்கிருமிகளைக் கொல்ல அச்சூடு போதுமானதே. கொதித்த நீரிலே குளோரீன் எஞ்சாது என்பதை நினைவிற் கொள்க. இப்போது அதற்குக் காவல் மூடி ஒன்றே. கைவிட்டு அள்ளாது சரித்து ஊற்றுக. அந்த நீரிலே பயற்றை எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிடுக. அவித்த துணியிலே கட்டி, அல்லது வடிதட்டிலே பரப்பி மூடிவைத்து, காலை, மாலை, இரவு என மூன்று வேளையும் கொதித்தாறிய நீரால் அலசி வடிக்குக. பாத்திரமும் துணியும் கையும் நீரைப் போலவே தூயனவாய் இருத்தல் வேண்டும். கண்டியின் சூட்டிலே ஒரு நாள் அல்லது ஒன்றரை நாளில் முளை வேண்டிய நீளம் வளர்ந்துவிடும். உடனே சமைக்க இயலாவிடின் குளிர்சாதனப் பெட்டியில் வைக்குக. வழுவழுப்பும் புளித்த நாற்றமும் கண்டால் கொட்டிவிடுக. ஆனால் நாற்றம் இல்லாமையே நலத்துக்குச் சான்று என்று கொள்ளற்க. கொடிய கிருமிகள் பல மணமற்றவை.

விரும்புவோர் வீட்டிலே ஒரு சோதனையும் செய்து பார்க்கலாம். மூன்று கிண்ணங்களில் ஐம்பது ஐம்பது பயறாக எண்ணி இடுக. ஒன்றுக்குக் குழாய்நீர், ஒன்றுக்குக் கிணற்று அல்லது பீலிநீர், ஒன்றுக்குக் கொதித்தாறிய நீர் ஊற்றுக. இரண்டு நாள் கழித்து முளைத்தவற்றை எண்ணினால் மூன்றுக்கும் இடையே பெரிய வேற்றுமை தோன்றாது. பிள்ளைகள் இதனைக் கண்டு ஏமாற்றம் அடையலாம். ஆனால் அந்த வேற்றுமையின்மையே இச்சோதனை கற்பிக்கும் பாடம். நீரின் குற்றத்தை முளை நமக்குக் காட்டிக்கொடுக்காது. கிணற்றின் அல்லது ஊற்றின் நீரைப்பற்றி உண்மை அறிய வேண்டுமாயின் அதனை ஆய்வுகூடத்திலேயே சோதித்தல் வேண்டும். அதற்குரிய வழியை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியலாம்.

இறுதியாக ஒரு சொல். நீரிழிவுக்காரருக்கு நல்லது, உடல் மெலிய நல்லது என்று பச்சை முளையை அப்படியே உண்ணும் வழக்கம் இக்காலத்தில் பரவி வருகின்றது. சிறு குழந்தைகளும், கருவுற்ற பெண்களும், முதியோரும், நோயால் மெலிந்தோரும் பச்சை முளையைத் தவிர்ப்பதே அறிவுடைமை. நம் நாட்டிலே காலையுணவாகப் பயற்றை அவித்து, தேங்காய்ப்பூவும் கட்டைச்சம்பலும் சேர்த்து உண்ணும் வழக்கம் எல்லா இனத்தாரிடமும் உண்டு. முளைத்த பயற்றையும் அவ்வாறே நன்கு ஆவி பறக்க வேகவைத்து உண்பதால் உயிர்ச்சத்து சி சிறிது குறையும், ஏனைய சத்துகளில் பெரும்பகுதி நிற்கும், நோய் நீங்கும். குறைந்ததை ஒரு துண்டு தேசிக்காய் பிழிந்து ஈடுசெய்துகொள்ளலாம். பயறு எந்த நீரிலும் முளைத்துவிடும். நாம் எந்த நீரையும் நம்பிவிடலாகாது. முளைக்கவைக்கும் நீரையும் ஒருமுறை அடுப்பிலே ஏற்றுவோம். முளைத்த பயற்றையும் ஒருமுறை அடுப்பிலே ஏற்றுவோம். இவ்விரண்டும் செய்த வீட்டிலே குழாய்நீரானால் என்ன, கிணற்றுநீரானால் என்ன, பீலிநீரானால் என்ன, முளைப்பயறு அச்சமின்றி உண்ணத்தக்க நல்லுணவே.